அண்ணன் எழுதியதும் திரையில் வந்ததும்

அண்ணனின் காகிதக் கட்டில் 14.9.2004 தேதியிட்ட ஒரு கடிதம் இருக்கிறது. வாரந்தோறும் ஒளிபரப்பான ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைச் சென்னையில் தயாரித்தவர்கள் அனுப்பியது. "தாங்கள் எழுதிய, மேசை மேல் படுக்கும் காட்சிக்கு நேயர்களிடம் நல்ல வரவேற்பு" என்று அது தொடங்குகிறது. அந்த வரிக்கு நேராக, ஓரத்தில், அண்ணன் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "நான் யாரையும் படுக்கச் சொல்லவில்லை."

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நாளுக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கையில் எடுத்துப்போக ஒரு சிறு மலர் போடலாம் என்று அண்ணி சொன்னார். எழுதும் பொறுப்பு தங்கையாகிய என்னிடம் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள் நான். தேதி இல்லாமல் எதையும் எழுத வராது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணனைப் பீங்கான் பட்டறையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டவராக ஊருக்கே தெரியும். குழந்தைகளுக்குக் கதை எழுதியவராகச் சிலருக்குத் தெரியும். டி.வி.க்கு நகைச்சுவை எழுதினார் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டி.வி.யில அவரு பேரு வந்துச்சா?" அதற்கான விடையைத் தேடித்தான் இந்த ஓராண்டில் அவர் காகிதங்களை அடுக்கினேன். கிடைத்தவரை கீழே தருகிறேன்.

அண்ணன் பிறந்தது மங்கலம்பேட்டையில், அம்மாவின் பிறந்த வீட்டில். பள்ளிச் சான்றிதழில் 1.6.1950 என்று இருக்கிறது. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதிதான் என்று அண்ணனே சொல்லிச் சிரிப்பார். அப்பா ஒரு பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் விக்ருதி ஆண்டு ஐப்பசி மாதம் என்று குறித்து வைத்திருக்கிறார். நாள் எழுதிய இடத்தில் எண்ணெய்க் கறை. ஆகவே 1950 ஐப்பசி என்பது மட்டும் உறுதி. இறப்புச் சான்றிதழில் வயது 58 என்று இருப்பது பள்ளிக்கூடத்தின் கணக்கு. எங்கள் கணக்கில் அண்ணனுக்கு 57.

அப்பா விருத்தாசலத்தில் களிமண் வேலைக்கு வந்தபோது எங்கள் குடும்பமும் இங்கே வந்தது. 1968இல் அப்பா காலமானார். அண்ணன் கல்லூரியில் சேர இருந்த ஆண்டு அது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தார்; அது அப்படியே இருக்கிறது. நான்கு ஆண்டு கடைகளிலும் லாரி செட்டுகளிலும் கணக்கு எழுதினார். 3.7.1972 அன்று தொழிற்பேட்டையில் ஒரு தனியார் பீங்கான் பட்டறையில் சேர்ந்தார். என்னைப் பள்ளிப் படிப்பு முடிக்க வைத்து, தட்டச்சு வகுப்பில் சேர்த்து, தேர்வாணையத் தேர்வுக்கு ரயிலேற்றி விட்டவரும் அவர்தான். தன் விண்ணப்பத்தைப் பற்றி அவர் ஒருமுறையும் பேசியதில்லை.

பட்டறையில் கோப்பை, தட்டு, சிறு பொம்மைகள் செய்வார்கள். பிள்ளையார், யானை, முயல் என்று பொம்மைகள் அச்சில் பிறந்து, கடைசியில் ஒரு கொட்டகைக்கு வரும். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அவற்றுக்குக் கண் எழுதுவார்கள். வெளிச்சம் நன்றாக இருந்ததால் பேக்கிங் பிரிவும் அதே கொட்டகையில்தான். ஒரு பக்கம் அண்ணனும் வைக்கோலும் மரப்பெட்டிகளும். மறுபக்கம் பன்னிரண்டு பெண்களும் மெல்லிய தூரிகைகளும். அவர்களில் மூத்தவர் கொளஞ்சி. இந்தக் கட்டுரையில் அவர் பலமுறை வருவார்.

அண்ணன் எப்போது எழுதத் தொடங்கினார் என்பதற்குச் சான்று இல்லை. அச்சில் வந்த முதல் கதை 1979 ஏப்ரலில், ஒரு சிறுவர் மாத இதழில். பிடி உடைந்த ஒரு கோப்பை, தண்ணீர் குடிக்க யார் தன்னை எப்படிப் பிடிப்பார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதுதான் கதை. பேக்கிங் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். முன்பக்கத்தில் "கோப்பை 12 டஜன், நாக்பூர்" என்று இருக்கிறது.

அந்தச் சீட்டுகளின் ஓரத்தில் "மா.க. 3", "மா.க. 7" என்று குறிப்புகள் இருந்தன. அண்ணன் மறைந்தபின் இவற்றை முதலில் பார்த்தபோது "மாதக் கடைசி" என்று எண்ணி, ஒரு வாரம் அந்த வழியில் தேதிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். கொளஞ்சிதான் விளக்கினார்.

"அது மாறுகண்ணும்மா. சாரு சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதினதப் படிச்சுக் காட்டுவாரு. எங்களுக்குச் சிரிப்பு வந்தா கை ஆடிப்புடும். பொம்மைக்குக் கண்ணு ஓடிப்புடும். எத்தன பொம்மைக்கு ஓடுச்சுன்னு எண்ணி எழுதிக்குவாரு."

கண் ஓடிய பொம்மையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஏழு பொம்மைக்குக் கண் ஓடிய இடத்தை அண்ணன் அப்படியே வைத்துக்கொள்வார். ஒன்றுகூட ஓடாத இடத்தைக் கோடு போட்டு அடித்துவிடுவார். மேற்பார்வையாளருக்கு இது தெரியாது. ஒருநாள் வந்து பார்த்தவர், "என்னா இது, இன்னைக்குப் புள்ளையாரெல்லாம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குறாங்க?" என்றாராம். "சாரு கத படிச்சாருங்க. புள்ளையாருக்கே சிரிப்பு வந்துடுச்சு" என்றாராம் கொளஞ்சி.

சிரிப்பு மட்டும் இல்லை, கேள்வியும் வரும். கண் எழுத மறந்துபோன ஒரு யானைப் பொம்மை வைக்கோல் பெட்டிக்குள் ரயிலேறி, வடக்கே போய், திரும்பி வருகிற கதையை அண்ணன் படித்தபோது கொளஞ்சி தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அதுக்குத்தான் கண்ணே இல்லியே. விருத்தாசலம் வந்துடுச்சுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"யாராவது சொல்லுவாங்க."

"பெட்டிக்குள்ள இருக்குறதுக்கு எவன் சார் வந்து சொல்லுவான்?"

அண்ணன் அந்தக் கதையைப் பதினொரு மாதம் கிடப்பில் போட்டார். பிறகு வந்த வடிவத்தில், இஞ்சின் மாற்றுவதற்காக வண்டி நெடுநேரம் நிற்கிறது. வேறு எந்த ஊரிலும் இவ்வளவு நேரம் நின்றதில்லையே என்று யானை யோசித்து, ஜங்ஷன் வந்துவிட்டதைக் கண்டுபிடிக்கிறது. அச்சான பிரதியின் மேல் "இது கொளஞ்சியின் கேள்வி" என்று அண்ணன் கையால் எழுதியிருக்கிறது.

இப்படி 38 கதைகள் இதழ்களில் வந்ததாக அண்ணனின் பட்டியல் சொல்கிறது. 35க்கு என்னிடம் பிரதி இருக்கிறது. நூலாக எதுவும் வரவில்லை.

டி.வி. வேலை 2003இல் வந்தது. சிறுவயதில் அண்ணனின் கதைகளைப் படித்த ஒருவர், வளர்ந்து, சென்னையில் அந்த நகைச்சுவை நிகழ்ச்சியில் உதவியாளராக இருந்தார். இதழின் முகவரிக்கு எழுதி, அண்ணனைக் கண்டுபிடித்தார். ஒரு வாடகை வீடு. அதில் காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரன் சிங்காரம். வாரம் ஒருமுறை காலி பண்ணச் சொல்ல வரும் வீட்டுக்காரர். இவ்வளவுதான் நிகழ்ச்சி. நான்கைந்து பேர் மாற்றி மாற்றி எழுதினார்கள். ஞாயிறு காலை ஒளிபரப்பு. முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் "நகைச்சுவை: குழு" என்று மட்டும் வரும்.

அண்ணன் எழுதியதைச் சென்னைக்கு அனுப்பியவர், கடைவீதியில் எஸ்.டி.டி., ஃபேக்ஸ் கடை வைத்திருந்த ஜாபர் பாய். மங்கலம்பேட்டைக்காரர். பதினான்கு ஆண்டு வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். ஃபேக்ஸ் மெதுவாகப் போகும். அதற்குள் அவர் முழுவதையும் படித்துவிடுவார். "அண்ணே, மூணாவது பக்கம் டல்லடிக்குது" என்று மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். பட்டறை வேலையை விட்டுவிட வேண்டும், டி.வி.க்கு வாரம் ஒன்று எழுதிக்கொண்டு, மீதிப் பொழுதெல்லாம் குழந்தைகளுக்கு எழுத வேண்டும். முப்பது ஆண்டு சாப்பாட்டு இடைவேளையிலேயே எழுதியவருக்கு அது பெரிய ஆசை. அண்ணிக்குச் சம்மதம்தான். அண்ணியின் அப்பாவுக்கு, எங்கள் எல்லாருக்கும் மாமாவான அவருக்கு, சம்மதம் இல்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயம் செய்தவர் அவர்.

"நீங்க எழுதுறதா சொல்றீங்க மாப்ள, நான் நம்புறன். ஊரு நம்பணும்ல? பேரு வரட்டும். டி.வி.யில உங்க பேரு வந்தா மறுநாளே வேலைய வுட்டுடுங்க, நான் வாயத் தொறக்கல. பேரு வராம வுட்டீங்கன்னா, எம் பொண்ணு நாலு பேருகிட்ட என்னான்னு சொல்லுவா?"

"சரி மாமா. பேரு வந்த பிற்பாடே வுடறேன்" என்றார் அண்ணன். 2004 பொங்கலன்று நடந்த பேச்சு இது; நான் உடன் இருந்தேன்.

அன்று முதல் மாமா ஞாயிறுதோறும் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்தார். அவர் வீட்டிலேயே டி.வி. இருந்தது. "பேரு வர்றப்ப மாப்ள மூஞ்சியப் பாக்கணும்" என்பதற்காக வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்காருவார். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும், "என்னாம்மா இது, எக்ஸ்பிரஸ் கணக்கா போவுது. நீ படி, நீ படி" என்று அண்ணியை விரட்டுவார். அண்ணி ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிப்பார். டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட வரும். "குழு"வோடு அண்ணனின் பங்கு நின்றுவிடும். மாமா துண்டை உதறிக்கொண்டு, "அடுத்த வாரம் வரும் மாப்ள. போயிட்டு வரேன்" என்று கிளம்புவார்.

5.9.2004 ஞாயிறு. அன்றைய பகுதி அண்ணன் எழுதியது. ஆகஸ்ட் 23இல் ஃபேக்ஸ் போன காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளபடி தருகிறேன்:

"வீட்டுக்காரர் வருகிறார். மேசை மேல் மல்லாட்டை. சிங்காரம் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக உரிக்கிறான்.
வீட்டுக்காரர்: எப்ப காலி பண்ணப் போறே?
சிங்காரம்: இதோ முடிச்சுடறேன் சார். கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு.
வீட்டுக்காரர்: நான் கேக்கறது வீட்டை!
சிங்காரம்: சும்மா நின்னுக்கிட்டே பேசாதீங்க சார். நீங்களும் ஆரம்பிங்க."

வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மல்லாட்டை என்பது வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் நம் பக்கத்து வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று என்பார்கள். நம் ஊரில் அதற்கு வேறு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

திரையில் வந்தது வேறு. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சிங்காரம் மேசை மேல் ஏறி, மல்லாந்து படுத்தான். படுத்தபடியே துண்டை உருவிப் போட்டான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சட்டையை உரித்தான். பனியனையும் உரித்தான். "இதோ முடிச்சுடறேன் சார். கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு" என்று வேட்டியில் கை வைத்தான். வீட்டுக்காரர் பதறி ஓட, "நீங்களும் ஆரம்பிங்க சார்" என்று பின்னால் கத்தினான்.

மாமா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் பெயர்கள் ஓடிவிட்டன. அண்ணி மட்டும் பார்த்தார். "குழு" என்றே இருந்தது. தெருவில் மற்ற வீடுகளிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான்.

"ஏன் படுத்தான்?" என்றார்.

"மாப்ள, இது நீங்க எழுதினதா?" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பேச்சு என்னுதுதான் மாமா. படுக்கை என்னுது இல்ல."

மறுநாள் ஜாபர் பாய் கடையில் மூலக் காகிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். கண்டுபிடித்தவர் பாய்தான்.

"அண்ணே, மெட்ராசுல மல்லாட்டைன்னா எவனுக்குத் தெரியும்? மல்லாக்கப் படுன்னு நெனச்சிருக்கான். அப்புறம் ஒவ்வொண்ணா உரிக்கிறான்னு வேற போட்டிருக்கீங்க. பாவம், அவன் எதை உரிப்பான்?"

"நெசமாவா பாய்?"

"அண்ணே, நல்லவேளை. நீங்க 'மல்லாட்டைய வறுக்கிறான்'னு எழுதியிருந்தா அந்தாளு கதி என்னா?"

அப்போதுதான் அண்ணன் சிரித்தார் என்று பாய் சொல்கிறார். கடையின் கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

அந்தக் காட்சி பரவிய வேகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பெஞ்சில் மல்லாந்து படுத்து, ஆசிரியர்களைப் பார்த்து "நீங்களும் ஆரம்பிங்க சார்" என்றார்கள். ஒரு தலைமையாசிரியை அண்ணியைக் கடைவீதியில் நிறுத்தி முறையிட்டார். பத்தாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. தொடக்கத்தை மேலே கொடுத்தேன். அதன் இரண்டாம் பத்திதான் முக்கியம்: இனி அண்ணனின் பெயரைத் தனியாகத் திரையில் போடுவதாகவும், மேசைக் காட்சி முழுவதும் தன் ஆக்கமே என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டு அனுப்பும்படியும் கேட்டிருந்தார்கள். தாளும் உடன் இருந்தது.

ஒரு கையெழுத்துப் போட்டால் பெயர் வரும். பெயர் வந்தால் மறுநாளே வேலையை விடலாம். அண்ணன் அந்தத் தாளை ஐந்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் வந்தார்.

கொட்டகையில் கேட்டிருக்கிறார். கொளஞ்சி, "போட்டுத் தொலைங்க சார். மேசைகிட்ட போயி எவன் கேக்கப் போறான்?" என்றாராம். ஜாபர் பாயும் போடச் சொன்னார். நானும் போடச் சொன்னவள்தான். மறைக்காமல் பதிவு செய்கிறேன். வீட்டில் நடந்த பேச்சு 18.9.2004 சனிக்கிழமை மாலை.

"ஒத்தக் கையெழுத்துங்க" என்றார் அண்ணி. "எங்கப்பா வாரா வாரம் பஸ்ஸுல நசுங்கிக்கிட்டு வராரு."

"படுத்தவன் அவன். முதுகு வலி அவனுது. பேரு மட்டும் எனக்கா?"

"நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தானே படுத்தான்? அவனா போயி ஏறிப் படுத்துக்கிட்டானா? அப்ப பாதி உங்களுதுதான்."

அண்ணன் யோசித்தார். "பாதின்னா சரிதான். ஆனா முழுசும் என்னுதுன்னுல்ல கேக்குறாங்க?"

"பாதிக் கையெழுத்துப் போடுங்க."

"அதெப்படிப் போடறது?"

"எனக்குத் தெரியாது. எழுத்தாளர் நீங்கதானே" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனார். அடுத்த மூன்று நாள் பேச்சு, சாப்பாட்டுக்கு அழைப்பதோடு நின்றது.

20.9.2004 அன்று அண்ணன் எழுதிய பதிலின் கார்பன் படி இருக்கிறது: "ஐயா, நான் எழுதியது மல்லாட்டை. தங்கள் பக்கம் வேர்க்கடலை என்பார்கள். மேசையில் படுத்ததும் உரித்ததும் நடிகரின் கற்பனை. அது முழுவதும் என் ஆக்கம் என்று கையெழுத்திட என்னால் இயலாது. அவர் பெயரைப் போடுவதே முறை. நான் எழுதியதற்காகவே சிரிப்பு வந்த வாரம் ஏதேனும் இருந்தால், அந்த வாரம் என் பெயரைப் போடுங்கள்."

இதற்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை. எழுதி அனுப்பியதை வாங்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த காகிதங்கள் பத்தொன்பதிலும் முதல் வரியாக "இதில் யாரும் படுக்க வேண்டாம்" என்று அண்ணன் எழுதியிருக்கிறார். ஆனாலும் நாங்கள் பார்த்த வாரமெல்லாம் சிங்காரம் படுத்தான். மாமா வாரந்தோறும் வந்தார். அண்ணி பெயர்களைப் படித்தார். 2005 மார்ச்சில் நிகழ்ச்சியே நின்றது. மாமா அடுத்த ஆண்டு மார்கழியில் காலமானார். அண்ணன் சொன்ன சொல்படி பட்டறையிலேயே இருந்தார். நிகழ்ச்சி நின்றபின் அவர் எழுதியவை குழந்தைக் கதைகள் மட்டுமே, எல்லாம் சாப்பாட்டு இடைவேளையில்.

2008 ஏப்ரலில் நெஞ்சுவலி என்று முதலில் சொன்னார். புதுச்சேரியில் இரண்டுமுறை மருத்துவமனையில் இருந்தார். அங்கேயும் பக்கத்துப் படுக்கைக்காரரின் பேரனுக்கு, மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஓர் எறும்பின் கதையை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அந்தப் பையனிடம் போய்விட்டது. 11.6.2008 புதன்கிழமை காலை, வீட்டில், அண்ணன் காலமானார்.

புதுச்சேரிக்கு ஒவ்வொரு முறையும் கார் ஏற்பாடு செய்து, கடையைப் பூட்டிவிட்டு உடன் வந்தவர் ஜாபர் பாய். அண்ணனை எடுத்த நாளில் தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டு வரிசையாக நடந்து வந்தவர்கள் கண் எழுதும் பெண்கள். கோயம்புத்தூரிலிருந்து அண்ணனின் மகள் வந்து சேரும்வரை அண்ணியின் பக்கத்திலேயே இருந்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். பழைய இதழ்களைப் பரணிலிருந்து தேடிக் கொடுத்தவர்கள், பதினாறாம் நாள் வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள், தந்தி போல ஒரு வரியாவது எழுதியவர்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. பெயர் விடுபட்டிருந்தால் அது என் கவனக்குறைவு. உங்கள் உதவி விடுபடவில்லை.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி.

பதினாறாம் நாளன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, அண்ணி, "கடைசி வரைக்கும் அவரு பேரு வராமலே போயிடுச்சு" என்றார். கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துச்சேம்மா. நான் பாத்தனே."

கொளஞ்சி சொன்னது இது. 2005இல், மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு, தங்கை வீட்டுக் காதுகுத்துக்காக மங்கலம்பேட்டை போயிருந்தார். அங்கே டி.வி. பார்த்தார். அன்றைக்குச் சிங்காரம் படுக்கவில்லை, தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து வீட்டுக்காரருக்கு ஏதோ கணக்குச் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். முடிவில் பெயர்கள் ஓடியபோது அண்ணனின் பெயர் தனியாக வந்தது. கொளஞ்சிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அண்ணனின் பெயரைப் பேக்கிங் சீட்டுகளில் முப்பது ஆண்டு பார்த்தவர். "மொத எழுத்துக்குக் கொம்பு, நடுவுல ஒரு கால், கடைசியில புள்ளி. எனக்குத் தெரியாதாம்மா?"

மறுநாள் கொட்டகையில் அண்ணனிடம் சொன்னாராம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'எழுத்துப் பிழை ஏதும் இருந்துச்சா கொளஞ்சி?'ன்னாரு. 'அதெல்லாம் எனக்கு எங்க சார் தெரியும்?'ன்னேன். சரின்னுட்டு வைக்கோல் பிரிக்கப் போயிட்டாரு."

அண்ணி இரண்டுமுறை "நெசமாவா?" என்று கேட்டார். பிறகு, "எவ்ளோ பெரிய எழுத்துல வந்துச்சு?" என்று கேட்டார். கொளஞ்சி விரலால் அளவு காட்டினார்.

நான் சரிபார்த்தவை: அந்த ஞாயிறு 20.2.2005. அண்ணனின் நாட்குறிப்பில் அன்று "கரண்ட் இல்லை. பார்க்கவில்லை. மாமா வந்து போனார்" என்று இருக்கிறது. மறுநாள் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. தெருப் பிள்ளைகள் வரும் காட்சி ஒன்றை அவர் 7.2.2005 அன்று ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறார். தயாரிப்பாளர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பழைய நாடாக்களின் மேலேயே புதியவற்றைப் பதிந்துவிட்டதாக ஒரு பதில் வந்தது. பெயர்ப்பட்டியலின் படி அவர்களிடம் இல்லை. மங்கலம்பேட்டையில் அந்த வீட்டில் அன்று இருந்த மற்ற ஆறு பேரையும் போய்ப் பார்த்தேன். நிகழ்ச்சி நினைவிருக்கிறது, பெயர்கள் ஓடும்போது பந்திக்கு எழுந்துவிட்டார்கள்.

அண்ணன் இதை அண்ணியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு உயிரோடு இருந்த மாமாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுநாளே வேலையை விட்டிருக்கலாம். தான் பார்க்காததை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லையா, அந்தக் கொட்டகையை விட்டு வர மனம் வரவில்லையா, எனக்குத் தெரியவில்லை.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் அண்ணி ஒன்று கேட்டுக்கொண்டார்: "வந்துச்சுன்னே எழுதிடும்மா. கொளஞ்சி பொய் சொல்லுவாளா?" கொளஞ்சி பொய் சொல்ல மாட்டார். அண்ணியின் ஆசை என் ஆசையும்தான். மூன்றுநாள் யோசித்துவிட்டு, என்னால் எழுத முடிந்ததை எழுதுகிறேன்.

20.2.2005 ஞாயிறு நிகழ்ச்சியின் முடிவில் அண்ணனின் பெயர் திரையில் வந்ததாகக் கொளஞ்சி கூறுகிறார். அதைப் பார்த்த வேறு எவரும் இதுவரை கிடைக்கவில்லை. உறுதி செய்யப்படவில்லை.